எழும்பி நின்று வாங்கிய காசு

போன கிழமை நிரோஷினி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த அதே நிதிப் பிரிவில், நான் இருந்த அதே மூலையில் இப்போது இருக்கிற பிள்ளை. சுகம் விசாரித்து, மழை விசாரித்து, முற்றத்து மாமரம் காய்த்ததா என்று விசாரித்து, அதன் பிறகுதான் விடயத்துக்கு வந்தாள்.

"மிஸ், கொழும்பில இருந்து ஒரு கடிதம் வந்திரிக்கு. பிள்ளைகளிட்ட வாங்கின கட்டணத்தில மிச்சமாக் கிடக்கிறதையெல்லாம் அனுப்பட்டாம். நாட்டுல காசில்லையாம். உங்கட காலத்திலயும் இப்பிடி ஒண்டு வந்ததாமே. நீங்க அத எப்பிடிச் சமாளிச்சீங்க?"

சமாளித்தது! எனக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. "அடுப்பில பால் கிடக்கு புள்ள, மறுகா கதைக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். ஓய்வுபெற்றவர்கள் தங்கள் வேலைக்காலத்தை எழுதினால் அதில் ஒரு பாராட்டுக் கடிதம் கட்டாயம் வரும். இதிலும் வரும். ஆனால் அதைப் படித்துவிட்டு என்னை யாரும் பாராட்ட வேண்டாம்.

நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். வாவிக்கு இந்தக் கரையில் இருந்தது, சண்டை நடந்த வருடங்களிலும் முழுதாகப் பூட்டாமல் நடந்தது, அது போதும். நாவற்குடாவில் இருந்து பஸ் மாறி, சோதனைச்சாவடிகளில் இறங்கி நடந்து, திரும்ப ஏறி வேலைக்குப் போவேன். கைப்பையைக் கொட்டிக் காட்டிவிட்டு மறுபடி அடுக்குவதில் எனக்கு இருந்த கைவேகம் கணக்கு எழுதுவதில்கூட இருந்ததில்லை.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. தட்டச்சுத் தெரியும், கூட்டல் கழித்தல் தெரியும், வாயைத் திறக்காமல் இருக்கத் தெரியும் என்று எடுத்தார்கள். கொஞ்சக் காலம் கடதாசிக் கோவைகளுக்குத் தூசி தட்டினேன், கொஞ்சக் காலம் மற்றவர்கள் எழுதியதைப் பார்த்துப் பிரதி எடுத்தேன். பிறகு கட்டணம் வாங்கும் யன்னலில் கொண்டுபோய் இருத்தினார்கள். அங்கேதான் குலசேகரம் சேர் எனக்கு உண்மையான வேலையைப் பழக்கினார்.

சேர் எங்கள் நிதியாளர். ஒல்லியான மனிதர், வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் நாங்கள் கோவைகளுக்குள் தலையைப் புதைத்துக்கொள்வோம். பிரிவில் ஒரு பேனை காணாமல் போனாலும் அது அவருக்கு ஒரு கொள்ளைச் சம்பவம். ஒருமுறை கணக்காய்வுக்கு வந்தவர்கள் பிழை ஒன்றும் கிடைக்காமல், சும்மா போக வெட்கப்பட்டு, சுவர்க் கடிகாரம் பிந்தி ஓடுகிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள். சேர் அன்றைக்கே அதைத் திருத்தி, திருத்திய விபரத்தை எழுத்தில் அனுப்பினார்.

யன்னலில் என் முதல் நாள். ஒரு பெண் பிள்ளை பரீட்சைக் கட்டணத்தை நீட்டினாள், நான் கதிரையில் இருந்தபடியே கையை நீட்டினேன். பின்னால் இருந்து சேரின் குரல் கேட்டது.

"எழும்பு பிள்ளை."

அவருடைய கதிரையில் தெரியாமல் இருந்துவிட்டேனோ என்று பதறி எழும்பினேன்.

"காசு வாங்கக்குள்ள எழும்பி நிண்டு வாங்கு. இந்தப் பிள்ளைகளுக்கு உழைப்பு இல்ல. இது தாய் தகப்பன்ட காசு. வட்டையில வெயிலுக்க நிண்டு வெட்டின காசு. அத நீ இருந்துகொண்டு வாங்கப்படாது."

வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. அன்றிலிருந்து அதுவே எங்கள் பிரிவின் முறையாகிவிட்டது. எழும்ப வேண்டும். வலது கையால் வாங்க வேண்டும். தருகிறவரின் கண் முன்னால் எண்ணி, தொகையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகு இருந்து பற்றுச்சீட்டு எழுத வேண்டும். மறுபடி எழும்பி அதைக் கொடுக்க வேண்டும். பதிவு நடக்கிற நாட்களில் பின்னேரம் ஆகும்போது தொடை இரண்டும் விண்விண் என்று தெறிக்கும். மற்றப் பிரிவுக்காரர்கள், "சிவமலர் தோப்புக்கரணம் போடுறா, ஆரும் தேங்காய் உடையுங்களன்" என்று பகிடி பண்ணுவார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பெருமை. வேறெந்த அலுவலகத்திலும் ஏழைச் சனத்துக்கு எழும்பி நிற்கிற உத்தியோகத்தர் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் நாட்டில் பல்கலைக்கழகப் படிப்பு இலவசம். அதைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளிடம் சின்னச் சின்னதாக வாங்குவோம். பதிவுக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, பரீட்சைக்கு ஒன்று. இவற்றோடு நான் சொல்லப் போகிற காலத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. பெண்கள் விடுதிக் கட்டட நிதி.

அதற்கு நல்ல காரணம் இருந்தது. வாவிக்கு அந்தக் கரை படுவான்கரை. சண்டை பிடித்த இரண்டு பக்கத்தில், அது ஒருவர் கையில், இந்தக் கரை இன்னொருவர் கையில். அங்கே இருந்து வருகிற பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கம் அறை வாடகைக்குக் கொடுக்க வீட்டுக்காரர்கள் பயந்தார்கள். சுற்றிவளைத்துத் தேட வந்தால் முதலில் கேட்பது, இந்தப் பிள்ளை எந்த ஊர் என்றுதான். அதனால் பலர் நாளாந்தம் வாவியைக் கடந்து வந்தார்கள். வாவியைக் கடக்கிற மிதவையை எங்கள் ஊரில் பாதை என்போம். பாதை ஓடினால் பாடம் உண்டு, பாதை நின்றால் பாடம் இல்லை. வளாகத்துக்குள்ளேயே ஒரு விடுதி கட்டினால் இந்தத் தொல்லை தீரும் என்று மாணவர்களே கேட்டார்கள். ஆண் பிள்ளைகளும் சேர்ந்து எல்லோரும் கட்டணம் கட்டச் சம்மதித்தார்கள். வரைபடம் கீறப்பட்டு நீலக் கடதாசியில் வந்தது. சேர் அதைத் தன் கதிரைக்கு நேரே சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

ஆனால் கட்ட முடியவில்லை. சீமெந்தும் கம்பியும் கொண்டுவர அனுமதி வேண்டும். நாங்கள் கேட்டு எழுதுவோம், இல்லை என்று வரும். சில நேரம் அந்த இல்லையும் வராது. காசு மட்டும் ஒவ்வொரு வருடமும் சேர்ந்தது. சேர் அந்தக் காசில் கை வைக்க எவரையும் விடவில்லை. ஒருமுறை கூட்ட மண்டபத்துக்கு மின்விசிறி வாங்க அதிலிருந்து கைமாற்றாக எடுக்கலாமா என்று கேட்டார்கள். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வருடம் முழுக்க எல்லோரும் வேர்த்துக்கொண்டுதான் கூட்டம் போட்டார்கள். வருடக் கடைசியில் மேலிடத்துக்கு அனுப்பும் கணக்கில் அந்த மிகுதியைத் தனியாகக் காட்டி, அதன் கீழே சிவப்பு மையால் இரட்டைக் கோடு போடுவார். பார்த்தீர்களா, ஒரு சதம் குறையவில்லை என்று சொல்வதுபோல இருக்கும் அந்தக் கோடு. கோடு போட அடிமட்டம் பிடித்துக் கொடுப்பது நான்.

அப்படி இருக்கும்போதுதான் பூமணி அக்கா வந்தார். படுவான்கரைப் பெண். வட்டையில் நெல்லருவி வெட்டவும் களை பிடுங்கவும் போகிறவர். மூத்த மகள் வசந்தி எங்களிடம் முதலாம் வருடம். யன்னலுக்கு வெளியே சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார், பக்கத்தில் மகள் தலையைக் குனிந்தபடி.

"தங்கச்சி, இவளை நிப்பாட்டப் போறன். கட்டின காசில ஏதும் திருப்பித் தருவீங்களா?"

ஏன் என்று கேட்டேன்.

"ஒவ்வொரு நாளும் பாதையால வந்து, பஸ் ஏறி, செக்பொயின்டில இறங்கி... இவள் வீட்ட வந்து சேரும் மட்டும் எனக்குச் சோறு இறங்குதில்ல. படிப்பு வேணாம். புள்ள இரிந்தாக் காணும்."

வசந்தி அழவில்லை. யன்னல் கம்பியில் பூச்சு உரிந்திருந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். கெட்டிக்காரப் பிள்ளை என்று விரிவுரையாளர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு மனம் கேட்கவில்லை. உள்ளே போய் சேரிடம் சொன்னேன். அவர் என்னோடு வெளியே வந்து, தாயையும் மகளையும் தன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். கதிரை எடுத்துப் போட்டார். பூமணி அக்கா அதில் இருக்கவில்லை. சேர் வரைபடத்தைச் சுவரில் இருந்து கழற்றி மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு கோவையை வைத்து அமர்த்தி, பென்சில் முனையால் காட்டத் தொடங்கினார். இது வாசல். இது சாப்பாட்டறை. இது கிணறு, இது குளிக்கிற இடம், சுற்றி மதில் வரும். மேல்மாடியில் இந்தப் பக்கம் அறைகள், காற்று வாவிப் பக்கம் இருந்து வரும்.

பூமணி அக்கா குனிந்து பார்த்தார். படம் விளங்கியதோ தெரியாது, சேரின் பென்சில் போன இடமெல்லாம் அவருடைய கண் போனது.

"சேர், இந்த வாசல் எந்தப் பக்கம்? ரோட்டுப் பக்கமா?"

"இல்ல. உள்ளுக்கு, நூலகத்தைப் பாத்தபடி. ரோட்டுல நிக்கிற ஆருக்கும் வாசல் தெரியாது."

"ராவையில பூட்டுவீங்களா?"

"பூட்டி, திறப்பு விடுதி அம்மாட்ட இரிக்கும்."

பூமணி அக்கா நிமிர்ந்தார். பிறகு மகளைப் பார்த்து, "எந்த அறை வேணுமெண்டு கேள்" என்றார். வசந்தி வெட்கப்பட்டுக்கொண்டு மேல்மாடியில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினாள். சேர் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த மூலையில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளியும் வைத்தார். படிப்பு நிறுத்தும் கதை அதோடு முடிந்தது. விடுதி எழும்பும் மட்டும் சமாளிப்பம் என்று சொல்லிக்கொண்டு தாயும் மகளும் பாதைக்குப் போனார்கள்.

கடிதம் அதற்குப் பிறகு வந்தது. சண்டைச் செலவால் வரவுசெலவுத் திட்டத்தில் பெரிய துண்டு விழுந்துவிட்டது, ஆகவே நீண்ட காலம் செலவழிக்கப்படாமல் கிடக்கும் மாணவர் கட்டண மிகுதிகளை உடனே அனுப்ப வேண்டும், தேவை வரும்போது திருப்பித் தரப்படும் என்பது அதன் சாரம். எங்கள் காசு எவ்வளவு என்று அவர்கள் கேட்கக்கூட இல்லை. கேட்பானேன், வருடா வருடம் நாங்களே சிவப்புக் கோடு போட்டுக் காட்டியிருந்தோம்.

சேர் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. அடுத்த நாள் காலையிலேயே உதுமான் ஹாஜியார் வந்தார். ஏறாவூரில் கட்டட ஒப்பந்தங்கள் எடுக்கிறவர். எங்கள் மதிலும் சைக்கிள் கொட்டிலும் அவர் கட்டியவைதான். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். நான் கடிதக் கோவையோடு பக்கத்தில் நின்றேன்.

"சேர், சுத்தி வளைக்காமக் கதைக்கிறன். இண்டைக்கே வேலையை ஆருக்காவது குடுங்க. எனக்குத்தான் எண்டு இல்ல, நாலு பேரிட்ட விலை கேட்டு, குறைஞ்சவனுக்குக் குடுங்க. முற்பணத்தைக் குடுத்து கல்லையும் மண்ணையும் இறக்கிப் போடச் சொல்லுங்க. கல்லைக் கொழும்புக்குக் கொண்டு போக ஏலாது."

"சீமெந்து இல்லாம என்ன கட்டிற, ஹாஜியார்?"

"கட்டவேணாம். கிடக்கட்டும். கல்லு நாறிப் போகுமா? அனுமதி வாற நேரம் கட்டுவம்."

"தொடங்க ஏலாத வேலைக்கு முற்பணம் குடுத்தா, நாளைக்குக் கணக்காய்வுக்காரன் வந்து கேப்பான். நான் என்ன சொல்ற?"

"பொம்புளப் புள்ளைகளுக்கு வீடு கட்ட வச்ச காசெண்டு சொல்லுங்க. அதில என்ன பொய் இரிக்கு?"

சேர் என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீ என்ன சொல்றாய்?"

அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. நான் நிமிர்ந்து நின்று, பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னேன்: "விதிப்படி ஏலாது சேர்." சொல்லிவிட்டு ஹாஜியாரைப் பார்த்த பார்வையும் நினைவிருக்கிறது. இவருக்கு இதில் எவ்வளவு ஆதாயமோ என்ற பார்வை. அவருக்கு ஆதாயம் இருந்திருக்கும்தான், அவர் யாவாரி. ஆனால் அந்த அறையில் அன்றைக்கு அந்தப் பெண் பிள்ளைகளைப் பற்றி வாய் திறந்தவர் அவர் ஒருவர்தான். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தோம், கறை படாமல் இருக்க வேண்டும் என்று.

ஹாஜியார் எழும்பினார். "சரி சேர். உங்கட நேர்மையில நான் குறை சொல்லல்ல" என்றார். வாசலில் நின்று வரைபடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். வேறு இடங்களில் சிலர் அவர் சொன்ன மாதிரியே செய்து, விதியை மீறாமலே காசைக் காப்பாற்றிக்கொண்டதாக நான் பிறகு கேள்விப்பட்டேன். விலை கேட்க அவகாசம் இருந்தது, கூட்டம் கூட்ட அவகாசம் இருந்தது. எங்களுக்குத்தான் முதல் பிள்ளையாக நல்ல பெயர் எடுக்கிற அவசரம்.

காசோலையை எழுதியது நான். முத்து முத்தாக எழுதினேன் என்று சொன்னால் நம்புங்கள். சேர் கையெழுத்து வைத்தார். கொழும்புக்குப் போகிற உத்தியோகத்தர் ஒருவர் அதைச் சட்டைக்குள் வைத்து ரயிலில் கொண்டு போனார். கொஞ்ச நாளில் பாராட்டுக் கடிதம் வந்தது. சுணக்கம் இல்லாமல் முழுத் தொகையையும் அனுப்பியமைக்காக எங்கள் நிதிப் பிரிவு பாராட்டப்படுகிறது என்று. தேநீர் கொண்டுவருகிற ஐயா, "நல்ல சேதி எண்டு கேள்விப்பட்டன், தேத்தண்ணியோட தின்னப் பணிஸ் வாங்கட்டா சேர்?" என்று கேட்டார். சேர் வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார்.

அதன் பிறகு சேர் மாறிப்போனார். முன்பெல்லாம் காலையில் யன்னல் வரிசையைக் கடந்துதான் உள்ளே வருவார், நிற்கிற பிள்ளைகளிடம் ஊர் கேட்பார், பாதை ஓடுதா என்று கேட்பார். இப்போது பின்பக்கத்தால், சைக்கிள் கொட்டில் வழியாக வரத் தொடங்கினார். போவதும் அப்படியே. வரைபடத்தை யாரும் கேட்காமலே சுவரில் இருந்து கழற்றிச் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டார். சுவரில் ஆணியும் வெளிறிய சதுரமும் மிஞ்சின.

யன்னலில் இருக்கிற எனக்குப் பின்வழி இல்லை. கட்டணத்தை நிறுத்துங்கள் என்று எங்கும் இருந்து உத்தரவு வரவில்லை, ஆகவே வாங்கினோம். காசு போய்விட்டது, கட்டடம் இல்லை, ஆனால் பெண்கள் விடுதிக் கட்டட நிதி என்று பற்றுச்சீட்டில் என் கையெழுத்தில் எழுதி எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கும் தெரியும். சுவரொட்டி ஒட்டினார்கள், ஒரு நாள் வகுப்புக்குப் போகாமல் இருந்தார்கள், அதோடு அடங்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் சத்தம் போடுகிற பிள்ளையைத் தேடி யாராவது வருவார்கள், எந்தப் பக்கத்தில் இருந்து என்பதுதான் தெரியாது. ஆகவே வந்து வரிசையில் நின்று காசை நீட்டினார்கள்.

எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, நான் எழும்புவதை விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. ஒரு நாள் கையை நீட்டி வாங்கும்போதுதான் இருந்துகொண்டு வாங்குகிறேன் என்பது விளங்கியது. எழும்பி நின்றால் அவர்களுடைய முகம் என் முகத்துக்கு நேரே வரும். இருந்தால் கை மட்டும்தான் தெரியும். சேர் அதைக் கண்டார். கண்டும் ஒன்றும் சொல்லவில்லை.

காசு போன கதையைச் சொன்னால் தாய் படிப்பை நிறுத்திவிடுவார் என்று வசந்தி வீட்டில் மூச்சுவிடவில்லையாம். இரண்டாம் வருடம் முழுக்கப் பாதையால் வந்து போனாள். பரீட்சை நடந்த நாட்களில் ஒரு நாள் அந்தப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டு, பாதையை ஓடவிடாமல் கட்டிவைத்துவிட்டார்கள். அக்கரையில் பரீட்சை அனுமதி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் நின்றாளாம். ஒரு தோணிக்காரரிடம் கெஞ்சிக் கேட்டாளாம், அவர் தன் பிள்ளைகளை நினைத்து மறுத்துவிட்டாராம். ஒரு பாடம் போனது. நோய் என்றால் வைத்தியச் சான்றிதழ் கொடுத்துத் தப்பலாம். பாதை ஓடாதது நோய் இல்லை, ஆகவே அதற்கு விதியில் இடம் இல்லை. வருடத்தைத் திரும்பப் படி என்றார்கள். தாய் விடவில்லை. மச்சான் முறையில் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று அவளோடு படித்த பிள்ளைகள் சொன்னார்கள். வளாகத்துக்குள் இருந்திருந்தால் விடுதியில் இருந்து பரீட்சை மண்டபத்துக்கு நடந்தே போயிருப்பாள். அவள் தொட்டுக் காட்டிய மூலை அறையில் இருந்து மண்டபத்தின் கூரை தெரிந்திருக்கும்.

இனி நிரோஷினி கேட்டதற்கு வருகிறேன்.

புதிய பிள்ளைகளின் பதிவு நடந்துகொண்டிருந்தது. வரிசையில் வந்து நின்றது பூமணி அக்கா. இளைத்துப் போயிருந்தார். பக்கத்தில் வசந்தியின் அச்சில் ஒரு பிள்ளை. இளையவளும் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டுவிட்டாள்.

"என்னைத் தெரியுதா தங்கச்சி? மூத்தவளுக்குத்தான் வாய்க்கல்ல. இவளாவது படிக்கட்டும்" என்றார். கையில் வாழைச்சருகால் வாய் கட்டிய ஒரு தயிர்ச் சட்டி. "இது சேருக்கு. அண்டைக்கு எனக்குக் கதிரை போட்டவர். பாதையில ஆடாம மடியில வச்சுக் கொண்டு வந்தன்."

சட்டியை வாங்கினேன்.

"அந்த நீலப் படம் இரிக்கா? இவளுக்கும் ஒருக்காக் காட்டச் சொல்லுங்களன். அறையைக் காட்டினா இவளுக்கும் ஒரு தெம்பா இரிக்கும். இந்நேரம் கட்டத் தொடங்கியிருப்பீங்கதானே."

தயிர்ச் சட்டியோடு சேரின் அறைக்குப் போனேன். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது, கதிரை தள்ளிக் கிடந்தது, மூலையில் குடையைக் காணவில்லை. என் யன்னலில் பேசுவது அவருடைய அறைக்கு நன்றாகக் கேட்கும். சட்டியை அவருடைய மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பின்வழி இருந்தால் நானும் போயிருப்பேன் என்பதுதான் அந்தக் கோபத்தின் காரணம்.

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

"அக்கா, விடுதி கட்டல்ல. அந்தக் காசைக் கொழும்புக்கு எடுத்திட்டாங்க."

"எல்லாத்தையுமா?"

"ஓம், எல்லாத்தையும்."

"ஏனாம்?"

"அரசாங்கத்துக்குக் காசு பத்தல்லையாம்."

பூமணி அக்கா என்னைப் பார்த்தார். அரசாங்கத்துக்குக் காசு பத்தாமல் போனால் அது தன்னிடம் வந்து எடுக்கும் என்பதை அவர் எங்கேயோ வைத்து விளங்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பின்னால் வரிசை நெளிந்தது. மடியில் இருந்து துணிமுடிச்சை எடுத்தார்.

"அப்ப இப்ப கட்டிறதையும் அவங்கதான் எடுப்பாங்களா?"

"தெரியாக்கா. எடுத்தாலும் எடுப்பாங்க."

"நான் அத மட்டும் கட்டாம விட்டா?"

"பதிய ஏலாது."

"இவளைப் படிக்க விடமாட்டீங்க?"

எனக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு பேனைகூட ஓடவில்லை. "விடமாட்டாங்க" என்று சொல்லத்தான் நினைத்தேன். அந்த 'ங்க' நாக்கில் ஏறவில்லை.

"விடமாட்டம்" என்றேன்.

"அப்ப எடுங்க."

காசை யன்னலுக்குள் நீட்டினார். கசங்கிய தாள்கள், நெல்லுத் தூசி மணந்தது. வாங்கினேன், இருந்தபடியே. எண்ணினேன், தொகையைச் சொன்னேன், பற்றுச்சீட்டில் எழுதினேன். பெண்கள் விடுதிக் கட்டட நிதி. கிழித்து நீட்டினேன், இருந்தபடியே. அவர் உடனே வாங்கவில்லை. குனிந்து, கம்பிக்கு இடையால் என் கால்களைப் பார்த்தார்.

"முந்தி எழும்பி நிண்டுதானே தருவீங்க தங்கச்சி. காலில ஏதும் வருத்தமா?"

கிண்டல் என்று நினைத்துத் தலையை உயர்த்தினேன். கிண்டலாக இருந்திருந்தால் எவ்வளவோ நல்லது. அந்த முகத்தில் கவலைதான் இருந்தது.

"முழங்கால் நோவு அக்கா" என்றேன்.

"இந்த வயசிலயா? பாவம். நாள் முழுக்க இரிக்கிற வேலை."

மகளைக் கூட்டிக்கொண்டு போனார். தயிர்ச் சட்டி இரண்டு நாள் சேரின் மேசையிலேயே கிடந்து புளித்தது. தேநீர் ஐயா அதைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, நல்ல தயிர் வீணாப் போச்சு என்று வருத்தப்பட்டார். சேர் அடுத்த வருடமே ஓய்வு எடுத்துக்கொண்டு போனார். பிரிவுபசாரத்தில் அவருடைய நேர்மையைப் பற்றி நானும் பேசினேன். அவர் நிமிரவே இல்லை. நான் தொடர்ந்து இருந்தேன், பதவி உயர்வும் கிடைத்தது. விடுதிக்கென்று சேர்த்து, கொழும்புக்கு அனுப்பிய காசு நான் ஓய்வுபெறும் வரைக்கும் திரும்பி வரவில்லை.

நிரோஷினி, இப்போது யன்னல் இல்லை, எல்லாம் வங்கியில் கட்டுகிறார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். யாருடைய முகமும் உனக்குத் தெரியாது. உனக்கு வந்த கடிதத்துக்கு என்ன பதில் எழுதலாம் என்று கேட்டால், கல்லை இறக்கிப் போடு, அதற்கு விதியில் இருக்கிற வழியைத் தேடு, உன் கையைப் பார்க்காதே என்றுதான் சொல்வேன். நாங்கள் சமாளிக்கவில்லை பிள்ளை. நாங்கள் சமாளித்தோம் என்று இனி யாருக்கும் சொல்லாதே.

அடுத்த தவணைக் கட்டணத்துக்குப் பூமணி அக்கா மறுபடி வந்தார். காசை நீட்டுவதற்கு முன்னால் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஒரு சின்னப் போத்தலை அவிழ்த்து யன்னலுக்குள் வைத்தார். மூலிகை போட்டுக் காய்ச்சிய எண்ணெய், இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.

"எங்கட பரியாரி காய்ச்சித் தந்தவர். இளஞ்சூட்டுல பூசுங்க தங்கச்சி. மறுகா எழும்பி நிக்கலாம்."

போத்தலை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தேன். காசையும் வாங்கினேன். அப்போதும் நான் எழும்பவில்லை.